பெரிய மாடல் திருடு போகவில்லை

என் பெயரும் தகப்பனார் பெயரும் இத்துடன் இணைத்த முதல் தாளில் உள்ளபடி. வயது ஐம்பத்தேழு. மூன்றாம் குறுக்குத் தெரு, பதினான்காம் எண் கட்டடம், முதல் மாடியில் என் கணவருடன் குடியிருக்கிறேன். கடைவீதி முனையில் உள்ள ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடங்களாக ரத்தம் எடுக்கும் வேலை பார்த்து வருகிறேன். அங்கே எல்லோரும் என்னை ஊசியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். என் கைபேசி பேருந்தில் திருடு போனதாகச் சென்ற மாதம் பத்தொன்பதாம் தேதி இதே நிலையத்தில் நான் கையெழுத்திட்டுக் கொடுத்த புகார் சம்பந்தமாக, இன்று காலை பதினொன்றே கால் மணிக்கு நானாகவே வந்து, உதவி ஆய்வாளர் அம்மா முன்பாக இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

என் கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருள் வாங்கினாலும் அதனுடன் வரும் விளக்கப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர். கல்யாணமாகி முப்பத்தொரு வருடங்களாகிறது. கைபேசி வந்த காலத்திலிருந்து, அவர் புதிதாக ஒன்று வாங்கும்போது அவருடைய பழையதை எனக்குக் கொடுப்பது வழக்கம். நானும் அதைக் குறையாக நினைத்ததில்லை. இந்த வருடத் தொடக்கத்தில் பெயர்பெற்ற ஒரு கம்பெனியின் உயர்ரக வரிசை வெளியானது. அதில் மூன்று மாடல்கள். அவர் ஒரு கோடு போட்ட நோட்டில் சின்னது, நடு, பெரியது என்று மூன்று பத்திகள் பிரித்து, திரை, கேமரா, பேட்டரி என ஒவ்வொரு வரியிலும் மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு, ஏழு வாரம் அதே வேலையாக இருந்தார். எடை என்ற வரியில் கிராம் கணக்கு மட்டும் எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்கு மதிப்பெண் போடவில்லை.

அதன் பிறகு, சென்ற மாதம் நான்காம் தேதி என்னைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனார். அவருக்காகத்தான் வாங்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். கடையில் மூன்று மாடல்களையும் மேசையில் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். சும்மா எடுத்துப் பார்த்ததில் சின்னது என் உள்ளங்கையில் அப்படியே அடங்கியது. பெரியதைத் தூக்கியபோது வலது கட்டைவிரலின் அடியில் சுரீரென்றது. தினமும் அறுபது, எழுபது பேருக்கு ஊசி குத்துவதால் அந்த விரலின் தசைநாணில் வீக்கம் இருக்கிறது என்று எங்கள் கூடத்து டாக்டர் இரண்டு வருடங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார். அப்போதுதான் என் கணவர் விற்பனைப் பெண்ணிடம், "இவங்களுக்குத்தாம்மா. பெருசையே எடு," என்றார். நான், "எனக்குச் சின்னது போதுங்க," என்றேன். அவர், "நீ சும்மா இரு. இத்தனை வருஷமா என் பழசையே உன் தலையில கட்டிட்டேன். இந்தத் தடவை உனக்குத்தான் இருக்கறதுலயே பெருசு," என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் அந்தச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பெரியதற்கே அவர் பெயரில் ரசீது போட்டார்கள்.

அந்தக் கைபேசியை இரண்டு வாரம் உபயோகித்தேன். படுத்துக்கொண்டு பார்க்கையில் கைநழுவி மூக்கின்மேல் விழுந்தது. ஒரு கையால் பிடித்து எழுத முடியவில்லை. என் கணவர் தினமும் மாலையில், "நிலாவை எடுத்தியா? நூறு மடங்கு பெருசாக் காட்டும்," என்று கேட்பார். நான் எடுத்துக் காட்டுவேன். அவர் சந்தோஷப்படுவார். கை வலிக்குத் தைலத்தை வேலை செய்யும் இடத்திலேயே தேய்த்துக்கொள்வேன்.

எங்கள் கூடத்திலிருந்து பெரிய ஆய்வகத்துக்கு ரத்தக் குப்பிகளை எடுத்துப் போக ஒருவர் இரண்டு சக்கர வண்டியில் வருவார். வயது முப்பத்தாறு இருக்கும். பின்னால் ஐஸ் பெட்டி கட்டியிருப்பதால் அவரை ஐஸ்பெட்டி என்று கூப்பிடுவோம். அவருடைய மனைவிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. இரண்டு பேரும் கையால் பேசிக்கொள்வார்கள். தினமும் பதினொன்றரை மணிக்கு, குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டி முடிக்கும் வரை, அவர் தன் கைபேசியைக் குப்பித் தாங்கியில் சாய்த்து வைத்து வீடியோவில் மனைவியுடன் பேசுவார். அவரிடம் இருந்தது அதே வரிசையின் சின்ன மாடல். ஒரு வருடம் ஒரு குப்பிகூடக் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்த்ததற்காக அவர் வேலை செய்யும் கம்பெனி பரிசாகக் கொடுத்தது.

பதினேழாம் தேதி அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்ப்பதைக் கண்டு, ஏன் என்று கேட்டேன். அதற்கு அவர், "அவ முகத்தைக் கிட்டக் கொண்டாந்தா கை தெரியாது, தள்ளிப் போனா விரல் தெரியாது. கோபம் வந்தா இன்னும் வேகமாப் பேசுவா அக்கா. பாதியத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு, அதுக்குத் தனியா ஒரு சண்டை," என்று சிரித்தார். நான் என் கைபேசியை எடுத்து அவர் முன்னால் வைத்து, "இதுல கூப்பிட்டுப் பாருங்க," என்றேன். அவர் கூப்பிட்டார். அந்தப் பெண்ணின் முகமும் இரண்டு கைகளும் தோள் வரைக்கும் முழுதாகத் தெரிந்தன. அவர் இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். மனைவி ஏதோ கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

அதன் பிறகு, மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னது நான்தான். அவர், "ஐயோ, வேண்டாம் அக்கா. இது எங்க, அது எங்க," என்று மறுத்தார். எனக்குப் பெரியது வேண்டாம், கை வலிக்கிறது, சின்னதுதான் தேவை என்று வற்புறுத்தினேன். அப்படியானால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். "நமக்குள்ள எதுக்குத் தாள்?" என்று சொன்னதும் நான்தான். என் ஊசி முனையாலேயே இரண்டு சிம்களையும் கழற்றி மாற்றினேன்.

வேலை முடிந்து கிளம்பும்போதுதான் கணவரிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். பின்பக்கத்து கேமரா வளையங்களை எண்ணிப் பார்த்தே எந்த மாடல் என்று சொல்லிவிடுவார். அதனால் சின்னதை வேலையிடத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். வீட்டில், பேருந்தில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். திட்டியிருந்தால் அப்போதே உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ, தெரியவில்லை. மறுநாள் அவரே போய் என் எண்ணுக்குப் புது சிம் வாங்கி வந்து பழைய கைபேசியில் போட்டுக் கொடுத்தார். அதற்கு அடுத்த நாள், பெட்டியில் இருந்த அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு என்னை இங்கே அழைத்து வந்தார். அவர் சொல்லச் சொல்லப் புகார் எழுதப்பட்டது. கையெழுத்தைப் போட்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் வேலைக்கு வந்ததும் சிம்மைச் சின்னதில் போடுவதும், மாலையில் பழையதில் போடுவதுமாக மூன்று வாரத்துக்கு மேல் ஓட்டினேன்.

நேற்று மாலை ஐந்தரை மணிக்கு நானும் கணவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது நிலையத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார். பேசிய காவலர், அடையாள எண்ணை வைத்துத் தேடியதில் போன் கிடைத்துவிட்டது, வைத்திருந்த ஆள் பிடிபட்டான் என்று சொல்லிவிட்டு, "கடைவீதி லேப்ல ரத்தம் எடுக்கற அம்மாதான் குடுத்தாங்கன்னு சாதிக்கறான். உங்க சம்சாரத்துக்குத் தெரிஞ்ச ஆளா, கேளுங்க," என்றார். கணவர் என்னைப் பார்த்தார். நான், "தெரியாது," என்று சொன்னேன். அவர் போனில், "பார்த்தீங்களா சார், என்ன துணிச்சல்!" என்றார். அதன் பிறகு நான் இரண்டு டம்ளர்களையும் கழுவி வைத்தேன். அவர் அந்தக் கைபேசிக்கு வாங்கி வைத்திருந்த புது உறையைத் தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை குப்பிகளை எடுக்க வேறு ஆள் வந்தார். நேற்று நடுவழியில் போலீஸ் நிறுத்தியபோது, பெட்டியில் நாற்பத்திரண்டு குப்பிகள் இருக்கின்றன, ஐஸ் கரைவதற்குள் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று ஐஸ்பெட்டி கெஞ்சியதாகவும், காவலர் ஒருவர் கூடவே போய்க் கொடுக்க வைத்துப் பிறகு அழைத்துப் போனதாகவும் அவர் சொன்னார். ஒன்பதே முக்கால் மணிக்கு ஐஸ்பெட்டியின் மனைவி எங்கள் கூடத்துக்கு வந்தார். கையில் ஒரு தாள். அதில், "என் கணவர் நேற்று வீட்டுக்கு வரவில்லை. போன் எடுக்கவில்லை. எங்கே என்று யாருக்காவது தெரியுமா?" என்று எழுதியிருந்தது. வரவேற்பு மேசையில் காட்டினார். வரிசையில் நின்றவர்களிடமும் ஒவ்வொருவராகக் காட்டினார். பிறகு என்னிடம் வந்தார். வீடியோவில் பார்த்த முகம் என்பதால் என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இனிமேல் பயமில்லை என்பதுபோலச் சிரித்தார்.

நான் அப்போது ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. நரம்பு நன்றாகப் புடைத்துத் தெரிந்தும் இரண்டு தடவை தவறிவிட்டது. எனக்கு அப்படித் தவறி வெகு காலமாகிறது. மூன்றாவது தடவை எடுத்து, பஞ்சு வைத்து, பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கையுறையைக் கழற்றினேன். பின் அதே தாளின் அடியில், "என்னால்தான். வாங்க, போகலாம்," என்று எழுதிக் காட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். என் முழங்கையை விட்டுவிட்டார்.

இருவரும் வாடகை வண்டியில் வந்தோம். வரும் வழியில் சின்னக் கைபேசியிலிருந்து கணவரைக் கூப்பிட்டேன்.

"அந்த ஆளுக்கு நான்தாங்க குடுத்தேன். திருடு போகலை."

"என்ன சொல்ற? ஏன் குடுத்த?"

"கை வலிச்சுது. தூக்க முடியலை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"கடையிலேயே சொன்னேங்க."

அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. நாங்கள் நிலைய வாசலில் இறங்கும் வரை அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நிலையத்தில், ஐஸ்பெட்டியை முன்னறையின் அந்தக் கோடியில் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் மனைவியை இந்தக் கோடியில் நிறுத்தி, யாரும் பேசக் கூடாது என்று காவலர் சொன்னார். அவர்கள் இரண்டு பேரும் அங்கேயும் இங்கேயுமாக இருந்துகொண்டு கையால் பேச ஆரம்பித்தார்கள். காவலர் ஒருமுறை அந்தப் பக்கமும் ஒருமுறை இந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வெளியே போய்விட்டார். அந்தப் பெண்ணின் விரல்கள் மிக வேகமாக ஓடின. நடுநடுவே என்னைச் சுட்டிக்காட்டினார். ஐஸ்பெட்டி ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்ல அசைத்தார். அது பொறு என்று அர்த்தமா, விடு என்று அர்த்தமா, எனக்குத் தெரியாது.

அதன் பிறகு உதவி ஆய்வாளர் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். சின்னக் கைபேசியை மேசைமேல் ஒப்படைத்தேன். அவர் ஐஸ்பெட்டியைக் கூப்பிட்டு விசாரித்ததில் அவர் நேற்றிலிருந்து சொன்னதும் நான் சொன்னதும் ஒத்துப்போயின. என்னைப் பார்த்து ஐஸ்பெட்டி சொன்னது ஒன்றுதான். "ஒரு போன் பண்ணியிருந்தா நானே கொண்டாந்து திருப்பிக் குடுத்திருப்பேனே அக்கா." அப்போதும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

சிறிது நேரத்தில் என் கணவரும் வந்து சேர்ந்தார். ரசீது அவர் பெயரில் இருப்பதால், கைபேசி விஷயத்தில் அவருடைய விருப்பம் என்ன என்று உதவி ஆய்வாளர் அம்மா கேட்டார். அவர் ஐஸ்பெட்டியின் பக்கம் திரும்பி, "வீடியோவுல கை வேகமா ஆட்டினா விரல் கலங்குதா?" என்று கேட்டார். அவர் தயங்கி, "கொஞ்சம் கலங்குது சார்," என்றார். கணவர், "அது செகண்டுக்கு முப்பது படம்னு இருக்கும். செட்டிங்ல போய் அறுபதுன்னு மாத்தணும். பெருசுல அதுக்குன்னே தனியா ஒண்ணு குடுத்திருக்கான்," என்று சொல்லி, எங்கே போய் எதை அழுத்த வேண்டும் என்பதை ஒரு துண்டுத் தாளில் வரிசையாக எழுதி அவரிடம் கொடுத்தார். பிறகு உதவி ஆய்வாளர் அம்மாவிடம், கைபேசி அந்த ஆளுக்கே சேரட்டும், தனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். ஐஸ்பெட்டியும் அவர் மனைவியும் பன்னிரண்டே முக்கால் மணிக்கு அனுப்பி வைக்கப்பட்டார்கள். கைபேசிகள் இரண்டும் சட்டப்படி முடிவாகும் வரை நிலையத்தில் இருக்கும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. என் கணவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார்.

பொய்ப் புகார் கொடுத்ததும், கேட்டபோது ஆளைத் தெரியாது என்றதும் குற்றம் என எனக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. ஒப்புக்கொள்கிறேன்.

இதை எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டியபோது, நேற்று மாலை நடந்ததைச் சொல்லும் இடத்தில், "நான் பதற்றத்தில் தெரியாது என்று சொன்னேன்," என்று இருந்தது. அப்படி இருந்தால் எனக்கு நல்லது என்று உதவி ஆய்வாளர் அம்மா சொன்னார். அவர் என்மேல் வைத்த இரக்கத்துக்கு நன்றி. ஆனால் நேற்று மாலை எனக்குப் பதற்றம் எதுவும் இல்லை. ஒரு வாய் தேநீர் குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்த மனிதருடைய முகத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டுதான் தெரியாது என்று சொன்னேன். ஆகவே அந்த ஒரு சொல்லை அடித்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். அடித்த இடத்தின் ஓரத்தில் என் சுருக்கொப்பம் உள்ளது.

இது யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொன்னதல்ல. எழுதியதைப் படிக்கக் கேட்டேன், நடந்தபடியே இருக்கிறது என்று கண்டு இதன்கீழ் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது. அடித்தல் ஒன்று.
உதவி ஆய்வாளர்