நாலு இஞ்ச் உசரம்

— நாலு இஞ்ச் ஏத்தணும்னு சொன்னேன் ஜெபகுமாரு. நீ மூணுன்னு எழுதிக்கினு கீறே.

— தசரதண்ணாச்சி, இது சாப்பாடு கொண்டுபோற பிக்கப்பு. மலையேறுத வண்டி இல்ல. ஸ்பிரிங்குக்கு அடியில கட்டை வச்சு ரெண்டு இஞ்ச் ஏத்துதேன். டயரை ஒரு சைஸ் பெருசாக்குனா இன்னொரு இஞ்ச் வந்துரும். மொத்தம் மூணு. அதுக்கு மேல போனா வளைவுல வண்டி ஆடும் பாத்துக்கிடுங்க. உள்ள சாம்பார் அண்டால்லா இருக்கு.

— ஆடட்டும்பா. அடியில தங்கின பருப்பு மேல வரும். சாப்புடறவன் வாழ்த்துவான்.

— நைனா, சும்மா இரு. அண்ணே, ஓட்டுறது நான். என்னைக் கேளுங்க. மழை வந்தா சப்வேல தண்ணி நிக்கும். அதுல வண்டி ஆஃப் ஆவாம போவணும். எனக்கு வேண்டியது அவ்ளோ தான்.

— எந்த சப்வே எழிலரசி?

— பெரிய ரோட்டுக்கு அடியில சின்னதா ஒண்ணு போவுதே, அது. எங்க கிச்சன் பிள்ளைப்பாக்கத்துல. கம்பெனி, ரோட்டுக்கு அந்தாண்ட. சப்வேல பூந்தா அஞ்சு நிமிசம். சுத்திக்கினு போயி யூ டர்ன் அடிச்சா இருபத்தஞ்சு நிமிசம். ஜெனரல் ஷிப்டுக்கு பன்னெண்டரைக்கு லஞ்ச். பன்னெண்டேகாலுக்கு அண்டா கேட்ல இருக்கணும்.

— லாரி போவாம இருக்க குறுக்க மஞ்சக் கம்பி போட்டு வச்சிருக்காவளே, அந்த சப்வேயா? போன ஐப்பசியில அங்கனதான ஒரு பிக்கப்பு முங்கிச்சு?

— அந்த பிக்கப்பு தான் உன் எதிர்ல நிக்குது.

— அய்யோ. நெசமாவா அண்ணாச்சி?

— கூட்டிச் சொல்லல ஜெபகுமாரு. வண்டி நடு சப்வேல நின்னுப்போச்சு. பின்கதவு தொறந்துக்கிச்சு. அண்டாங்க ஒவ்வொண்ணா மெதந்து வெளிய வந்துச்சு. முன்னாடி சாம்பாரு, பின்னாடி ரசம், கடைசியா மோரு. எலையில எப்டி வருமோ அதே வரிசை. அப்டியே தண்ணியோட போயி கம்பெனி கேட்ல நின்னுச்சு. செக்யூரிட்டி எண்ட்ரி போட்டு உள்ள வுட்டான். அந்த வருசம் பூரா பன்னெண்டேகாலுக்கு டாண்ணு போய்ச் சேந்தது அன்னிக்கு ஒரு நாள் தான்.

— எண்ட்ரி போட்டா கையெழுத்து வாங்குவானே. யாரு போட்டா?

— மோரு போட்டுச்சு. கடைசியா வந்தவங்க தானே போடணும்.

— இவரு சொல்றதுல வண்டி நின்னது மட்டும் தான் நெஜம்ணே.

— நீ எப்படிம்மா வெளிய வந்த?

— கதவு தொறக்கல. கண்ணாடியை எறக்கி அது வழியா பூந்து, பின்னாடி கூண்டு மேல ஏறி ஒக்காந்துட்டேன். அப்பறம் கயிறு போட்டு இழுத்தாங்க.

— எவ்வளவு நேரம் மேல இருந்த?

— வுடுங்கண்ணே. வண்டியை ஏத்துற விசயத்தைப் பேசுங்க.

— பேசுதேன். ஆனா ஒண்ணு சொல்லிருதேன் தங்கச்சி. வண்டியை ஏத்திட்டா தண்ணியில போயிரலாம்னு நெனைக்காத. எஞ்சினு மூச்சு விடுத குழாய் எங்க இருக்கோ, அதுவரைக்கும்தான் கணக்கு. நான் ஏத்துத மூணு இஞ்ச், அடியில கல்லு இடிக்காம இருக்கும். கொஞ்சம் தண்ணி நின்னா தாண்டும். கழுத்தளவு தண்ணிக்கு ஸ்பிரிங்கு என்ன செய்யும்?

— அப்ப நாலு போடு.

— நாலுக்கும் அதே கதிதான் அண்ணாச்சி. மைலேஜ் கொறையும். பிரேக் பிடிச்சா நாலடி தள்ளிப் போயி நிக்கும். ஆர்டிஓல எழுதி வாங்கணும், இல்லன்னா எஃப்சிக்குப் போவையில திருப்பி அனுப்பிருவாவ. பெரிய டயர் போட்டா மீட்டரு வேற கொறைச்சுக் காட்டும்.

— மீட்டர் கொறைச்சுக் காட்டும்ன்றது மட்டும் வாஸ்தவம். என் மச்சான் திருமலை, டிராக்டர் டயரைக் கொண்டாந்து ஜீப்புல மாட்டினான். குன்றத்தூருக்குப் போய்ட்டு வந்தா மீட்டர்ல ரெண்டு கிலோமீட்டர் தான் ஓடியிருக்கும். பத்து வருசம் ஓட்டினான். விக்கப் போனப்ப ஷோரூம்காரன் பாத்துட்டு, இது இன்னும் முதல் சர்வீசுக்கே வரலியேன்னு, ஆயில் மாத்திக் கொடுத்து அனுப்பிட்டான். திருமலைக்கும் அப்ப ரெண்டு வயசு கொறஞ்சா மாதிரி தான் இருந்துச்சு.

— கேட்டீங்களாண்ணே? வூட்ல தினம் இதான். கொஞ்சம் இருங்க, கேன்டீன் சூப்பர்வைசர் ராஜாமணி சார் கூப்புடறாரு. இந்தக் காத்தடிக்கற கம்ப்ரசர் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. அந்தாண்ட போயிப் பேசிட்டு வரேன்.

— போ, போ. நிதானமா பேசு… ஜெபகுமாரு, கிட்ட வா. அந்த கம்ப்ரசர் ஓடிக்கினே இருக்கட்டும். அவளுக்குக் கேக்கக் கூடாது.

— என்ன அண்ணாச்சி, ரகசியம்?

— இந்த வண்டி தரையிலருந்து கூண்டு உச்சி வரைக்கும் இன்னா உசரம்?

— இப்பம்தான அளந்தேன். ஏழடி மூணு இஞ்ச்.

— சப்வே வாசல்ல அந்த மஞ்சக் கம்பி இன்னா உசரம், தெரியுமா?

— நான் எங்க கண்டேன்.

— ஏழடி ஆறு இஞ்ச். பத்து நாளைக்கு முன்னாடி, துணி காயப்போடுற கம்பை எடுத்துக்கினு போயி நானே அளந்தேன். நீ மூணு ஏத்தினா ஒரசிக்கினு உள்ள பூந்துடும். நாலு ஏத்தினா நுழையாது.

— அப்போ நீங்க வண்டி தண்ணியில போவணும்னு கேக்கல.

— போவக் கூடாதுன்னு கேக்கறேன்.

— அதை அவட்டயே சொல்லலாமே.

— யார்ட்ட? அவ பயமே இல்லாத பொண்ணுப்பா. வண்டி முங்கி ரிப்பேர் ஆயி வந்த அன்னிக்கே அதே சப்வேல பூந்தா. நான் வாணாம்னா, தண்ணி இல்லாத நாள்ல இன்னா நைனாம்பா. தண்ணி இருக்கற நாள்ல, முழங்கால் தானே நைனாம்பா. அன்னிக்கும் முழங்கால் தான்னு தான் எறங்கினா. நான் சேதி கேட்டு ஓடியாந்து ரோட்டு மேல நின்னு கீழ பாக்கறேன். கூண்டு மேல இவ. தண்ணி ஜன்னலை மூடிட்டு இன்னும் ஏறிக்கினு கீது. இவ என்னைப் பாத்துக் கைய ஆட்டுறா. நானும் ஆட்டுறேன். வேற இன்னா செய்யறதுன்னு தெரியல.

— ம்.

— ஊரு பூரா அண்டா கதை சொல்லிட்டேன். கைய ஆட்டின கதையை இன்னும் யார்ட்டயும் சொல்லல. அதுல கூட்டிச் சொல்ல எனக்கு ஒண்ணும் கெடைக்கல ஜெபகுமாரு.

— இவ்வளவுதானா விசயம்? அதுக்கு எதுக்கு ஸ்பிரிங்கும் டயரும்? கூண்டுக்கு மேல சாமான் வைக்க ஒரு கேரியர் மாட்டுனா போதுமே. ஒரடி ஏறிரும். அரை நாள் வேலை.

— நாலு போல்ட்டு. கழட்டி ஓரமா வச்சுட்டுப் போயிடுவா. ஸ்பிரிங்கைக் கழட்ட முடியாது பாரு. அவளும் தண்ணிக்குத் தான்னு நெனைச்சுக்கினு சந்தோசமா தலையாட்டுறா. நீ நாலுன்னு எழுது. தண்ணிக்கு நல்லதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. பொய் நான் சொன்னா நம்ப மாட்டா. நீ சொன்னா நம்புவா.

— பிள்ளைய ஏமாத்தச் சொல்லுதிய.

— ஏமாத்தறது இல்லப்பா. அளவு எடுக்கறது… வா எழிலு. இன்னா சொன்னாரு ராஜாமணி?

— நாளைக்கு நல்ல மழைன்னு சொல்றாங்களாம். மழையோ கிழையோ பன்னெண்டேகாலுக்கு அண்டா வரணும்னாரு. சுத்திக்கினு வரேன் சார்னேன். பயமா இருந்தா சொல்லும்மா, வேற டிரைவரை வச்சுக்கறேன்னாரு.

— நீ இன்னா சொன்னே?

— எனக்கு இன்னா சார் பயம்னேன்.

— பாத்தியா ஜெபகுமாரு? எழுது. நாலு.

— எழுதாதீங்கண்ணே. கம்ப்ரசர் நின்னு எவ்ளோ நேரமாச்சு. ரெண்டு பேருமே கவனிக்கல.

— தங்கச்சி, அண்ணாச்சி சும்மா வெளையாட்டுக்கு…

— துணிக்கம்புல சாக்பீஸ் கோட்டைப் பாத்த அன்னிக்கே தெரியும்ணே. நானும் டேப் எடுத்துக்கினு போயி அளந்தேன். நைனா, நீ அளந்தப்ப அந்த மஞ்சக் கம்பிக்குக் கீழ பூரா சேறு. போன வாரம் ஜேசிபி வுட்டு வாரிட்டாங்க. தரை ரெண்டு இஞ்ச் எறங்கிப்போச்சு. இப்ப ஏழடி எட்டு. நீ நாலு ஏத்தினாலும் ஏழடி ஏழு தான். தாராளமா உள்ள போயிடுவேன்.

— ஒரு இஞ்ச்சுல போச்சா.

— ஒரு இஞ்ச்சுல போச்சு.

— நீ எதுக்கு எழிலு போயி அளந்தே?

— நீ எதுக்கு அளந்தியோ அதுக்குத் தான்.

— அப்பம் நான் எத்தனைன்னுதான் எழுத?

— அண்ணே, ஸ்பிரிங்கும் வாணாம், டயரும் வாணாம். எனக்குப் பயமா கீதுன்னா ராஜாமணி சார் வேற ஆளைப் போட்டுடுவாரு. வண்டி நுழையலன்னா லஞ்ச் டைமைத் தான் மாத்தணும். நீங்க சொன்ன கேரியரை இன்னிக்கே வச்சுடுங்க.

— சரிம்மா. நாலு போல்ட்டுதான், சாயங்காலத்துக்குள்ள மாட்டிருதேன்.

— போல்ட்டு வாணாம்ணே, வெல்டு வைங்க. சார் ஒரு அதட்டு போட்டா நானே கழட்டிடுவேன்.