மதகுப் பதிவேட்டின் 112-ஆம் பக்கம்

பழைய தாளைக் கையுறை போட்டுக்கொண்டு தொடக்கூடாது என்பது பலருக்குத் தெரியாது. உறைக்குள் விரலுக்கு உணர்வு தெரியாமல் தாள் கிழிந்துவிடும். சுத்தமான வெறுங்கைதான் நல்லது. முப்பத்தொரு வருடமாக இந்த ஆவணக் காப்பகத்துக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், ஐயா.

விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்டது டீச்சரைப் பற்றி. சொல்கிறேன்.

எங்கள் வட்டாரத்தின் நூறாண்டு வரலாற்றைக் கண்காட்சியாக வைக்க, வீட்டிலிருக்கும் பழைய படங்களைத் தரும்படி கேட்டிருந்தோம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் கைக்குட்டையில் சுற்றி ஒரே ஒரு படம் கொண்டுவந்தார். இடுப்பில் சாவிக்கொத்தோடு ஓர் இளைஞன், அணையின் மதகில் சாய்ந்து சிரிக்கிறான்.

“தம்பி, இது எங்க அண்ணன். மதகுக் காவலாளி. அந்த வெள்ளத்துல ஜனங்கள எச்சரிக்க ஓடினவன்தான், திரும்பல. எங்கயாவது ஒரு ஓரத்துல அவன் பேரப் போடுங்க, போதும்.”

நியாயமான கோரிக்கை. ஐம்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய மதகுப் பதிவேட்டை எடுத்தேன். 112-ஆம் பக்கத்தில் எல்லாம் இருந்தது. அணைக்குக் கீழே இருக்கும் கீழ்த்தெருவுக்குச் சொல்லிவிட்டு மதகைத் திறக்கலாம் என்று காவலாளி எழுதியிருந்தான். ‘தேவையில்லை, உடனே திற’ என்று மேற்பார்வையாளர் அதன் கீழே கையெழுத்திட்டிருந்தார். கீழ்த்தெருவில் நாற்பத்தொரு பேர் செத்தார்கள்.

கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் பள்ளி மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கட்டம் முழுக்க அதே கையெழுத்துதான்.

அப்பாவுக்கு இப்போது தொண்ணூற்றொன்று. கண்காட்சியைத் திறந்துவைக்க அவரைத்தான் அழைத்திருந்தோம். ‘வெள்ளத்தில் ஊரைக் காத்தவர்’ என்று அழைப்பிதழே அச்சாகிவிட்டது. அச்சானதை மாற்றுவது பெரிய தொல்லை. அதனால் பதிவேட்டை மாற்றினேன்.

நான்கு மதிய இடைவேளைகள் போதுமாக இருந்தன. கிடங்கில் வெற்றுப் பதிவேடு ஒன்று கிடந்தது, பழைய மையும் கிடைத்தது. காவலாளி குடித்துவிட்டுத் தானாகவே மதகைத் திறந்தான் என்று எழுதி, அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி டீச்சர் தந்த படத்தின் கீழே மாட்டினேன். செத்தவன் என்ன வந்து சண்டையா போடப்போகிறான்.

திறப்பு நாளன்று டீச்சர் பேரப்பிள்ளைகளோடு வந்தார். கீழ்த்தெருப் பெரியவர் ஒருவர் அவர் கண்ணெதிரே படத்தின் கண்ணாடிமேல் காறித் துப்பினார்.

டீச்சர் என்னிடம் வந்தார். “தம்பி, இத நீங்க படிச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தேன் டீச்சர். ஆவணம் அப்படித்தான் சொல்லுது.”

“நான்தான் அவனத் தூக்கிட்டு வந்து உங்ககிட்ட குடுத்தேன்” என்றார்.

அந்த வாரமே அவர் வீட்டுக் கதவில் யாரோ கரியால் கிறுக்கிவிட்டுப் போனார்கள். பேத்திக்கு நிச்சயித்திருந்த கல்யாணம் நின்றது. பத்தாம் நாள் டீச்சர் அணையில் மிதந்தார். நான் மாலை வாங்கிப் போனேன். யாரும் தடுக்கவில்லை.

புதிய பக்கத்தின் அடியில் அச்சகம் போட்டிருந்த வருடம் வெள்ளத்துக்குப் பிந்தையது என்பதை நீங்கள் கவனித்தது நல்ல கண். எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் அது வாய்க்கவில்லை.

அசல் பக்கத்தைக் கொளுத்திவிட்டேனா என்று கேட்கிறீர்கள். என்ன பேச்சு இது. என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், பூச்சி அண்டாத உறைக்குள், எண் போட்டு வைத்திருக்கிறேன். காவலாளி படத்தின் கண்ணாடியில் இருந்த எச்சிலையும் நானே துடைத்துவிட்டேன். என்னை நம்பி ஒப்படைக்கப்பட்ட எதிலும் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.