நின்ன வண்டியில மோதுன கல்லு

கத்தாதீங்க மேடம், உள்ள எங்க நீலாவதி அக்கா இப்பதான் அழுதுட்டு முகம் கழுவுது. நானா? தங்கச்சி, அருணா. பதினொண்ணாவது. எங்க எச்.எம். மாதிரி பேசிக் காட்டட்டா? யாரும்மா அங்க வராண்டாவுல, முட்டி போடு! பாத்தீங்களா, நிமிந்து உக்காந்துட்டீங்க.

இல்ல மேடம், அக்கா எந்தக் கல்லுலயும் இடிக்கல. நீங்க எத்தினி வாட்டி கேட்டாலும் இடிக்கல.

உங்க கம்பெனி புது கார்ல சக்கரத்துக்கு மேல இரும்புத் தகட்டுக்குப் பதிலா பிளாஸ்டிக் ஃபெண்டர் போட்டுச்சு. அது குளிர் தாங்குதான்னு பாக்கணும், காவலூர் பனியில ராத்திரி பூரா நிறுத்து, விடிஞ்சதும் மலைப்பாதையில ஓட்டுன்னு அக்காவுக்கு வேல குடுத்தீங்க. எங்க வூட்டு வாசல்லதான் நிக்கும். மத்தியானத்துல நான் ஒரு குத்து வுட்டா உள்ள போயி பட்டுனு வெளிய வந்துடும். மொறைக்காதீங்க, அதுவும் டெஸ்ட்டுதான?

இன்னிக்கிக் காலையில அக்கா கதவத் தொறந்து ஏறி சாத்துச்சு. டப்புனு ஒரு சத்தம். ஃபெண்டர்ல போல்ட்டு ஓட்டையிலருந்து விர்ருனு விரிசல் வுட்டுச்சு. சாவியே போடல மேடம்! நின்ன வண்டியத் தேடிக்கினு எந்தக் கல்லு வந்துச்சு?

உங்களுக்கும் தெரியும். மலையேறி வந்து, குனிஞ்சு பாத்துட்டு, அக்காகிட்ட இன்னா சொன்னீங்க? அப்படியே சொல்றேன், கேளுங்க. நீலா, ப்ளீஸ்மா, நாளைக்கு ஷோரூமுக்கு வண்டிங்க கெளம்பணும். வளைவுல கல்லுல இடிச்சிட்டேன்னு கேமராவப் பாத்துச் சொல்லிடு. சொல்லலன்னா நாளையிலருந்து வராத. கொரல் சரியா வந்துச்சா? சிரிப்பு வந்தா சிரிங்க.

அக்கா அப்படிச் சொல்லிட்டா, அப்புறம் யாரு அது கையில ஸ்டேரிங் குடுப்பாங்க? எங்கூர்ல டிரைவர் வேலைக்குப் போற பொண்ணு அது ஒண்ணுதான். பொட்டச்சிங்ககிட்ட வண்டியக் குடுத்தா இப்படித்தான்னு டீக்கடையில கோபால்சாமி மாமா ஆரம்பிச்சிடுவாரு. அந்தக் கொரலும் எனக்கு வரும். வேணாம், அத மட்டும் பேச மாட்டேன்.

வீடியோவா? எடுக்க முடியாது. நான் வாசல விட்டு நவுர மாட்டேன். போலீசு கூப்புடுவீங்களா? கூப்புடுங்களேன்.

அட, உங்க போனா? இந்தாங்க, மறந்துட்டேன். டிரைவர் இடிச்சதுன்னு எழுதி நீங்க எடுத்த விரிசல் போட்டோ உங்க ஆபீசுக்குப் போயிச் சேந்துடுச்சு. இங்க சிக்னல் பாறை மேலதான் கெடைக்கும்னு, ஏறி அனுப்பிட்டு வா பாப்பான்னு நீங்கதான குடுத்தீங்க? ஏறுனதும் உங்க பெரிய சார் கூப்ட்டாரு. இன்னா சசிகலா, டிரைவர்தான இடிச்சது, வண்டிங்கள அனுப்பிடட்டுமான்னாரு. இல்ல சார், டிரைவர் மேல தப்பே இல்ல, குளிர்ல தானா விரிசல் வுட்டுச்சு, எல்லா வண்டியையும் நிறுத்துங்க சார்னு உங்க கொரல்லயே சொல்லிட்டேன்.

நிறுத்திட்டாரு மேடம். உன்ன மாதிரி உண்மைய பேசுறவங்கதாம்மா வேணும்னு உங்களுக்கு ஒரே பாராட்டு. வேணும்னா பாறை மேல ஏறி, அது நான் பேசலன்னு சொல்லிட்டு வாங்க.