தன் சட்டத்தைத் தானே தோற்கடித்தவர்

தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் மாவட்டக் கட்சித் தலைவர் ஆர்லன் குவாம் அவர்களே! கட்சி கரைந்த காலத்திலும் கலையாமல் நின்ற மூத்தவர்களே! மார்ச் மாதப் பனியில் வண்டி சறுக்கச் சறுக்க வந்து சேர்ந்திருக்கும் பேராளர்களே! விடியுமுன் எழுந்து, இந்தப் பள்ளிக்கூட அரங்கின் சமையலறையில் காப்பி காய்ச்சி, நமக்காகப் பணியாரங்களைச் சுட்டு அடுக்கிய தாய்மார்களே! எனக்கு வலப்பக்கம் வீற்றிருக்கும், வாஷிங்டன் சபையில் நம் தொகுதிப் பிரதிநிதியான டுவேன் பிரிபில் அவர்களே! எல்லோருக்கும் வெர்னா டாலஃப்சனின் வணக்கம்.

டுவேனை மறுபடியும் நம் வேட்பாளராக முன்மொழிந்துவிட்டார்கள். அதை வழிமொழியத்தான் என்னை மேடைக்கு அழைத்தார்கள். போன இரண்டு முறையும் வழிமொழிந்தவள் நான். இதே ஒலிபெருக்கி, இதே மேடை. ஆனால் இன்று நாக்கு எழவில்லை. ஏன் எழவில்லை? அதைச் சொல்ல எனக்குச் சற்று நேரம் கொடுங்கள்.

என்னை உங்களுக்குத் தெரியும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். உங்கள் பிள்ளைகளைப் பத்திரமாக ஏற்றி, பத்திரமாக இறக்கியவள். டுவேனையும் உங்களுக்குத் தெரியும். அரசியலுக்கு வருமுன் இதே தரையில் விசில் ஊதியபடி ஓடிய கூடைப்பந்துப் பயிற்சியாளர். என் மகள் கிர்ஸ்டன் அவரிடம் ஆடியவள். இன்றைக்கும் அவள் வாயில் அவர் 'பிரதிநிதி' அல்ல, 'கோச்'.

கிர்ஸ்டன் தேசியக் காவல்படையில் சேர்ந்தாள். வெள்ளம் வந்தால் மணல்மூட்டை அடுக்குவார்கள், பனிப்புயல் வந்தால் சிக்கியவர்களை மீட்பார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அப்போது ஆட்சியில் இருந்தவர் எதிர்க்கட்சி அதிபர். ஒரு காலையில் ஒரு கையெழுத்துப் போட்டார். சபை கூடவில்லை. விவாதம் இல்லை. வாக்கெடுப்பு இல்லை. போரைத் தொடங்கும் அதிகாரம் மக்கள் பிரதிநிதிகளுக்கே என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்தோமே, அது எங்கே போனது? ஒரு மனிதர், ஒரு மேசை, ஒரு பேனா! அவ்வளவுதான். என் மகளின் படைப்பிரிவு பாலைவனத்தில் லாரி ஓட்டப் போனது.

திரும்பி வந்தாள். சாலையோரம் வெடித்த குண்டில் அவளுடைய இடது காது போயிற்று. நான் இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் இன்றும் அவள் திரும்புவதில்லை.

அந்த வாரமே டுவேன் எங்கள் வீட்டுக்கு வந்தார். சமையலறை மேசையில் அமர்ந்தார். கிர்ஸ்டன் பேசப் பேச, முன்னால் வைத்த பழப் பணியாரத்தைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் சொன்னதை நான் மறக்க முடியாது. "இனிமே சபை ஓட்டுப் போடாம எந்தப் பிள்ளையும் இந்த ஊர விட்டுப் போகக் கூடாது. அதுக்கு நானே சட்டம் எழுதறேன்."

எழுதினார்! உண்மையிலேயே எழுதினார். மசோதாவை எடுத்துவந்து என் மகளிடம் காட்டினார். அவள் ஒரே ஒரு திருத்தம் கேட்டாள். "கோச், 'எந்தக் கட்சி அதிபரா இருந்தாலும்'னு ஒரு வரி சேருங்க. இல்லன்னா நாம கட்சிக்காகப் பண்ற மாதிரி இருக்கும்." அவரும் சேர்த்தார். நான் அன்று பெருமையில் பூரித்தேன். நம் மாவட்டமே பூரித்தது. நீங்களும்தான் கைதட்டினீர்கள்.

அந்த மசோதாவை எதிர்க்கட்சி எடுக்கவே விடவில்லை. என் கணவரின் தம்பி லீராய் அந்தக் கட்சிக்காரர். உங்களில் பலருக்கு அவரோடு வாய்ச்சண்டை உண்டு. விருந்துக்கு வந்த இடத்தில் என்னைக் குத்திக் காட்டினார். "வீடு பத்தி எரியறப்போ பஞ்சாயத்து கூட்டிக்கிட்டு இருப்பாங்களா, வெர்னா? அதிபர்னா அதிபரா இருக்க விடுங்க" என்றார். நான் பதிலுக்கு அவர் முன்னால் இருந்த சாப்பாட்டுத் தட்டை எடுத்துவிட்டேன்.

பிறகு தேர்தல் வந்தது. நாம் வென்றோம். நம் கட்சி அதிபர் வந்தார். நாம் ஆடினோம், பாடினோம், வண்டிகளில் ஒலியெழுப்பி ஊர்வலம் போனோம். அந்த அதிபர் கையிலும் அதே பேனா! புதிய போருக்குப் படைகளை அனுப்பப் போகிறார் என்ற பேச்சு கிளம்பியபோதுதான் டுவேனின் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. 'வந்து பாருங்கள்' என்று டுவேனே எங்களை வாஷிங்டனுக்கு அழைத்தார். கிர்ஸ்டன் சீருடையைத் தேய்த்து எடுத்துக்கொண்டாள்.

காலையில் அவருடைய அலுவலகத்தில் அமர்ந்திருந்தோம். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். தொலைபேசி மணி அடித்தது. அழைப்பது யார் என்று உதவியாளர் சொன்னதும் டுவேன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எதிரில் யாரும் இல்லை, தோழர்களே. ஒரு தொலைபேசிக்கு எழுந்து நின்றார்! "சரிங்க ஐயா… புரியுதுங்க ஐயா… ஆமாங்க ஐயா…" இவ்வளவுதான் எங்கள் காதில் விழுந்தது. வைத்த பிறகு, நேரமாகிவிட்டது, நீங்கள் மாடத்துக்குப் போங்கள் என்று எங்களை அனுப்பினார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

பார்வையாளர் மாடத்தில் அமர்ந்தோம். சபையின் சுவரில் எல்லா உறுப்பினர்களின் பெயரும் ஒளிரும். ஆதரித்தால் பச்சை. எதிர்த்தால் சிவப்பு. நான் டுவேனின் பெயரைத் தேடினேன். கண்டேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் கண்டேன்.

சிவப்பு.

தான் எழுதிய சட்டம்! தன் பெயரில் வந்த சட்டம்! அதற்கு எதிராகத் தன் கையாலேயே வாக்கு! இப்படி ஒரு காட்சியைக் கேட்டிருக்கிறீர்களா? கனவிலாவது கண்டிருக்கிறீர்களா?

கிர்ஸ்டன் என் கையைப் பிடித்தாள். "அம்மா, கோச் தப்பான பட்டனை அமுக்கிட்டாரு. யாராவது போய்ச் சொல்லுங்க" என்றாள். நேரம் முடியும்வரை வாக்கை மாற்றலாம் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். காத்திருந்தோம். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. அதைவிட அதிசயம் ஒன்று கேளுங்கள். நேற்றுவரை அந்த மசோதாவைக் காலால் மிதித்த எதிர்க்கட்சிக்காரர்கள் அன்று பச்சை பச்சையாய் ஒளிர்ந்தார்கள்! கொள்கை அதே கொள்கை. நாற்காலியை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். மசோதா மடிந்தது.

தாழ்வாரத்தில் அவரைப் பிடித்தோம். அவர் நல்லவர்தான், மறைக்கவில்லை. "ஃபோன்ல அதிபர் கத்தல, வெர்னா. எனக்கு எதிரா நம்ம கட்சியிலயே நிக்க ஒருத்தர் தயாரா இருக்கார்னு மட்டும் சொன்னாரு" என்றார்.

கிர்ஸ்டன் நல்ல காதை அவர் பக்கம் திருப்பிக் கேட்டாள். "அப்போ அந்த வரிய யாருக்காக எழுதினோம், கோச்?"

அவர் அவள் தோளைத் தட்டினார். "கவலப்படாதம்மா. அடுத்து அவங்க ஆளு அதிபரா வரட்டும். மறுபடி கொண்டுவரேன்."

கேட்டீர்களா? அவர்களுடைய ஆள் வரட்டும் என்றார்! நம் ஆள் அனுப்பினால் குண்டு வெடிக்காதா? நம் ஆள் கையெழுத்திட்டால் காது கேட்குமா? நம் கட்சிக் கொடியைப் போர்த்தி வந்தால் சவப்பெட்டி கனக்காதா?

ஊருக்குத் திரும்பினேன். லீராய் வாசலிலேயே வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "அருமையான சட்டம், வெர்னா. அநியாயமாக் கொன்னுட்டாங்க" என்றார். உங்கள் அதிபர் இருந்தபோது இந்த அருமை எங்கே போனது என்று கேட்டேன். "அது வேற, இது வேற" என்றார். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த வாயில் இருந்ததும் இந்த மேடையில் இருப்பதும் ஒரே பல்லவிதான்.

என்ன, பின்வரிசையில்? "கட்சியை உடைக்காதே, உட்காரு" என்கிறீர்களா? உங்கள் குரல் எனக்குத் தெரியும். உங்கள் மகனை ஆறாம் வகுப்பிலிருந்து என் பேருந்தில் ஏற்றியிருக்கிறேன். அவனுடைய படைப்பிரிவுக்குப் போன வாரம் உத்தரவு வந்துவிட்டது. நம் அதிபரின் உத்தரவு. சபை வாக்களிக்காத உத்தரவு. அவனுக்காகவும்தான் பேசுகிறேன், ஐயா. தலைவர் ஆர்லன் அவர்கள் என்னை நிறுத்தச் சொல்லி மேசையில் தட்டச் சுத்தியலை எடுத்தார். இதோ, கீழே வைத்துவிட்டார். நன்றி, ஆர்லன்.

டுவேன், உங்கள் மேல் எனக்குப் பகை இல்லை. நீங்கள் கயவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது. என் மகளின் கதையைக் கேட்டுக் கண் கலங்கிய மனிதர் நீங்கள். அப்படிப்பட்டவரையே ஒரு தொலைபேசி அழைப்பு வளைத்துவிடும் என்றால், வளைந்தவரை மட்டும் குறை சொல்லிப் பயன் என்ன? வளைக்கும் வலிமையை அதிபருக்குக் கொடுத்தது யார்? வென்றவர் நம்மவர் என்றதும் வாயை மூடிக்கொண்ட நாம்! அவர் சொன்னால் நம் பிரதிநிதியையே மாற்றிவிடுவோம் என்று அவரை நம்ப வைத்தவர்கள் நாம்! அந்த மிரட்டலில் அவர் காட்டிய ஆயுதம் எது? நம் வாக்கு!

ஆகவே சொல்கிறேன். தலைவர் அவர்களே, குறிப்பில் ஏற்றுங்கள். டுவேன் பிரிபில் அவர்களை நான் வழிமொழியவில்லை. எதிர்க்கட்சிக்கும் போகவில்லை. இந்தக் கட்சியில்தான் இருப்பேன், இருந்துகொண்டே மறுக்கிறேன். அந்த மசோதாவை, நம் அதிபர் ஆளும் இந்தக் காலத்திலேயே, மறுபடியும் கொண்டுவருவேன் என்று டுவேன் இந்த மேடையில் சொல்லட்டும். சொன்னால் பனியென்றும் பாராமல் அவருக்காகக் கதவு கதவாகத் தட்டுவேன்.

வேறு யாராவது வழிமொழிவதானால் எழுந்து நில்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

…

ஒருவரும் எழவில்லை. பின்வரிசை ஐயா, நீங்களும் எழவில்லை.

இதை நான் வெற்றி என்று கொண்டாட மாட்டேன். என் மகளின் காது திரும்பாது. கிளம்பும் பிள்ளைகளின் பயணமும் நிற்காது. நாளைக்கே அந்தத் தொலைபேசி இந்த மாவட்டத்தில் வேறொரு வீட்டில் ஒலிக்கலாம். அது யார் வீடாக இருந்தாலும், தயவுசெய்து உட்கார்ந்தபடியே பேசுங்கள்.

பேசவிட்ட தலைவருக்கும், கோபத்தோடும் பொறுமையோடும் கேட்ட உங்களுக்கும், அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நிற்கும் தாய்மார்களுக்கும் நன்றி. அடுத்த வாரம் பிள்ளைகளை வழியனுப்பப் போகும் பெற்றோர்களே, உங்களுக்கு என் தலைதாழ்ந்த வணக்கம்.