பச்சை நோட்டில் நாற்பது பேர்

நெலிடா: நம்ம ரெண்டு பேர் குறிப்பும் நாற்பதுக்கு நாற்பதும் ஒத்துப்போகுதா?

குரோவர்: அச்சு அசலா. சந்தோஷப்படு நெலி.

நெலிடா: எப்படிடா சந்தோஷப்படுறது... தனித்தனியா உக்காந்து பார்க்கிற ரெண்டு பேர் நாலு இடத்துலயாவது முரண்படுவாங்கன்னு ஸுல்மா மேடம் படிச்சுப் படிச்சு சொன்னாங்கல்ல? நாலஞ்சை மாத்திடு.

குரோவர்: உன்னோடதுல மாத்து.

நெலிடா: உன்னோடதுல மாத்து. இன்னும் பத்து நிமிஷத்துல கதவைத் திறந்து கூப்பிடுவாங்க. ஆராய்ச்சி முறைப் பாடத்துல தேறலேன்னா என் உதவித்தொகை போச்சு.

குரோவர்: நான் இதே பாடத்தை மூணாவது தடவையா படிக்கிறேன். இதுலயும் போனா என்னை வீட்டுக்கே அனுப்பிடுவாங்க. என்கிட்ட வந்து அழுவுறே.

நெலிடா: சரி, ஒத்திகை பார்ப்போம். நான்தான் மேடம். "உங்க கேள்வி என்ன?"

குரோவர்: சால்டென்யாங்கிற கறி பஃப்ஸைக் கடிக்கும்போது உள்ள இருக்கிற குழம்பை யார் அதிகமா சிந்துறாங்க? தனியா வந்தவங்களா, மாமியாரோட வந்தவங்களா?

நெலிடா: "மாமியார்னு எப்படித் தெரியும்?"

குரோவர்: மருமகன் மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா?

நெலிடா: அதை உள்ள போய்ச் சொல்லித் தொலைக்காதே. "சிந்தினவங்க மறைப்பாங்களே?"

குரோவர்: மறைக்காம? இங்க வழக்கப்படி சிந்தினவன்தானே மேஜையில இருக்கிற எல்லாருக்கும் காசு கொடுக்கணும். சட்டுனு முழங்கையை நக்கிடுவானுங்க.

நெலிடா: "இருபத்து மூணாவது ஆள்?"

குரோவர்: சிந்தினார்.

நெலிடா: "எங்க?"

குரோவர்: ...கீழ.

நெலிடா: "என்ன சட்டை?"

குரோவர்: ஒரு... சட்டை மாதிரி.

நெலிடா: டேய், நீ கடையில இருந்தியா இல்லையா?

குரோவர்: பத்தரை வரைக்கும் இருந்தேன். சும்மா உக்காந்தா சந்தேகப்படுவாங்கன்னு ரெண்டு சாப்பிட்டேன். அப்புறம் ஒரு ஆறு. அப்புறம்... வயிறு ஓடவிட்டுச்சு.

நெலிடா: அப்போ நாற்பது வரி எப்படி வந்துச்சு?

குரோவர்: மதியம் திரும்பி வந்தேன். கல்லாவுல உன் நோட்டு இருந்துச்சு. பார்த்து எழுதிட்டேன்.

நெலிடா: என் நோட்டையா?

குரோவர்: திட்டிடு நெலி. மனசு ஆறும்.

நெலிடா: என் நோட்டு என்ன கலர்?

குரோவர்: பச்சை.

நெலிடா: என்னோடது நீலம். அதுல மூணே மூணு வரிதான்.

குரோவர்: அப்போ மீதி?

நெலிடா: பச்சை நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன். உன்னோடதுன்னு நினைச்சு.

குரோவர்: அடிப்பாவி. உனக்கு என்ன ஆச்சு?

நெலிடா: நாலாவது ஆளா ருபேன் வந்தான். என்னை அம்போன்னு விட்டுட்டுப் போனானே, அவனேதான். யாரையோ "அத்தை, அத்தை"ன்னு குழைஞ்சுக்கிட்டே வந்தான். நான் மேஜைக்கடியில போனவ... பன்னிரண்டு மணிக்குத்தான் வெளிய வந்தேன்.

குரோவர்: மாமியார் எப்படி?

நெலிடா: ஷூ மட்டும்தான் தெரிஞ்சுது. சிவப்பு. வெள்ளிக் கொக்கி.

குரோவர்: ருபேன் சிந்தினானா?

நெலிடா: "சிந்தவில்லை"ன்னு போட்டிருந்துச்சு. அதை என் கையாலேயே எழுதினேன் பாரு, அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல.

குரோவர்: அப்போ பச்சை நோட்டு யாரோடது?

நெலிடா: கடைசி ரெண்டு வரியைப் படி.

குரோவர்: "முப்பத்தொன்பது. சுருட்டைமுடிப் பையன். எட்டு சாப்பிட்டான், எட்டும் சிந்தினான்." ஏதோ ஒரு தீனிப்பண்டாரம்னு நினைச்சுல்ல எழுதினேன்... "நாற்பது. பெண். மேஜைக்கு அடியில். காரணம் தெரியவில்லை."

நெலிடா: நீ என்னைக் கிண்டலடிச்சு எழுதினதுன்னு நினைச்சேன்... குரோவர், கதவு திறக்குது. கீழ பாரு. அந்த ஷூ.

ஸுல்மா: உள்ள வாங்க ரெண்டு பேரும். கதவு மெல்லிசு, எல்லாம் கேட்டுச்சு.

குரோவர்: மேடம்... எங்களுக்கு முட்டைதானா?

ஸுல்மா: போடத்தான் பேனா எடுத்தேன். நீங்க ஒழுங்கா பார்க்கிறீங்களான்னு பார்க்கக் கடைக்கு வந்தவ, என் பச்சை நோட்டைக் கல்லாவுல மறந்துட்டேன். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு மறுபடியும் கடைக்குப் போய் முதல்லேர்ந்து பாருங்க. நானும் வரேன்.

நெலிடா: நீங்க எதுக்கு மேடம்? உங்க நோட்டுதான் சரியா இருக்கே.

ஸுல்மா: நாலாவது வரி பொய்ம்மா. என் மருமகன் ரெண்டு முழங்கையிலயும் சிந்தினான்... பொண்ணு கொடுத்த இடமாச்சேன்னு நான்தான் மாத்தி எழுதிட்டேன்.