அரை டம்ளர் சூப்

— எத்தனை பேருக்கு?

— மாமா, காலையிலேருந்து இதோட நாலாவது தடவை கேக்குறீங்க. ஒரே ஆளுக்கு. அத்தைக்கு மட்டும். அதுவும் அரை டம்ளர். டாக்டரம்மா அவ்வளவுதான் குடுக்கச் சொல்லியிருக்காங்க.

— அரை டம்ளர்னா என் கை எங்கேருந்தும்மா ஆரம்பிக்கும்? முப்பத்துநாலு வருஷம் ஃபேக்டரி கேன்டீன்ல நின்ன கை. அறுநூறு தலைன்னு சொல்லு, கண்ணை மூடிக்கிட்டு மிளகு அள்ளிப் போடுவேன்.

— அதான் பாத்தேனே. கறிக்கடைக்காரரு கால் கிலோ போதும்னாராம். நீங்க ரெண்டு கிலோ எலும்பைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. வீட்டுல இருக்கிறதுலேயே பெரிய குண்டான் வேற.

— அவனுக்கு வெட்டத்தான் தெரியும், வேக வைக்கத் தெரியுமா? சின்னப் பாத்திரத்துல எலும்பு மூச்சு முட்டிக்கும்மா.

— மணியப் பாருங்க மாமா, பதினொன்னே முக்கால். நாலு மணிக்குத்தான் வார்டுக்குள்ள விடுவாங்க, அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்திடுவாங்க. பஸ்ஸுல முக்கா மணி நேரம். பேசாம குக்கர்ல வைங்க. எட்டு விசில், வேலை முடிஞ்சுது.

— குக்கரா? விசிலடிச்சு மிரட்டினா எலும்பு சாறு விடுமா? கலங்கின தண்ணிதான் வரும். சின்னத் தீ, நாலு மணி நேரம். பதினோரு மணிக்கு ஏத்தினேன், மூணு மணிக்கு இறங்கும்.

— மூணுன்னா மூணா?

— மூணுன்னா மூணு. உன் கூரியர் ஆபீஸ் மாதிரி இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு இழுக்கிற கதை இங்க கிடையாது.

— எங்க ஆபீஸை இழுக்காதீங்க. பன்னெண்டு வருஷமா கவுன்ட்டர்ல உக்காந்திருக்கேன், ஒரு பார்சல் தவறினதில்ல. இன்னைக்கு ஒரு நாள் லீவு கேட்டதுக்கு மேனேஜர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாரு. அதுக்காவது சீக்கிரம் பண்ணுங்க.

— கோச்சுக்காத, கோச்சுக்காத. அந்த நுரையை எடு. கலக்காத! மேலாப்புல வழிச்சு எடு. மல்லி எங்க?

— காபி டப்பாவுல.

— காபி டப்பாவுல எதுக்கும்மா மல்லி?

— அத்தையைத்தான் கேக்கணும். மல்லின்னு எழுதியிருக்கிற டப்பாவுல சீரகம் இருக்கும். சீரக டப்பாவுல ஊசியும் நூலும் இருக்கும்.

— நல்ல குடித்தனம். கேன்டீன்ல இப்படி வெச்சிருந்தா அறுநூறு பேரும் ஊசியை முழுங்கியிருப்பானுங்க. அது என்ன, பச்சை மூடி?

— உப்பு.

— அதைத் தூக்கி மேல் அலமாரிக்கு அனுப்பு. கண்ணுல படவே கூடாது. பழக்க தோஷத்துல கை அள்ளிப் போட்டுடும். அவளுக்கு ஒரு சிட்டிகை கூட ஆகாது. நெஞ்சுல நீர் கோத்திருக்குன்னு அந்த டாக்டரம்மா என்னை நிக்க வெச்சுத் திட்டியிருக்கு.

— ஏத்திட்டேன் மாமா. வெங்காயம் கருகுது பாருங்க.

— கருகலை, சிவக்குது. உப்பில்லாத எடத்துல நாக்கைப் பிடிச்சு நிறுத்த வேற ஆளு வேணும்ல. வெங்காயத்தைச் சிவக்க விட்டு, சீரகத்தை வறுத்து, மிளகைக் கொரகொரன்னு இடிச்சு, கடைசியில எலுமிச்சம்பழம். இந்தா, ஒரு வாய் குடி.

— சுடுது மாமா.

— எப்படி இருக்கு, சொல்லு.

— நல்லாத்தான் இருக்கு.

— பொய் சொல்லாத.

— வெந்நியில மிளகு தவறி விழுந்த மாதிரி இருக்கு.

— அதை முதல்ல சொல்ல வேண்டியதுதானே! இன்னும் இடி. இஞ்சியும் பத்தலை. ஐயோ, உப்பில்லாம இதை எப்படித்தான் நிறுத்துறதோ.

— ஏன் மாமா இப்படிப் பறக்குறீங்க? ஜன்னலுக்கும் அடுப்புக்கும் எத்தனை நடை? போன மாசம்தான் உங்களுக்கே நெஞ்சுல குழாய் வெச்சு அனுப்பினாங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— உக்காந்தா இருப்புக் கொள்ளலைம்மா. நடந்தாத் தெரியல.

— அறுநூறு பேருக்குச் சமைச்சவரு அரை டம்ளருக்குப் பதறுறீங்க.

— அந்த அறுநூறு பேருல எவனும் என்கிட்ட வாய் திறந்து கேட்டதில்லையே. மணியடிச்சா தட்டை நீட்டுவான். இவ கேட்டிருக்கா. அதுவும் இது ரெண்டாவது தடவை.

— முதல் தடவை எப்போ?

— உன் புருஷனுக்கு அப்போ ஆறு வயசு. இவளுக்குக் காய்ச்சல், எழுந்திரிக்க முடியல. ‘உங்க கையால கொஞ்சம் சூப் வெச்சுக் குடுத்துட்டுப் போங்க’ன்னா. நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டே, ‘வீட்டுலயும் என்னை அடுப்புல நிக்கச் சொல்றியா’ன்னு கேட்டுட்டுப் போயிட்டேன். போயி அன்னைக்கு அத்தனை பேருக்கும் என்ன வெச்சேன்னு நினைக்கிற?

— சூப்பா?

— சூப்தான். ஒவ்வொருத்தனும் ரெண்டாவது தடவை வாங்கிக் குடிச்சான்.

— அத்தை இதை என்கிட்ட சொன்னதே இல்லையே.

— என்கிட்டயும் அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசினதில்ல. ஆனா அன்னையிலேருந்து இந்த அடுப்படிக்குள்ள என்னை விட்டதும் இல்ல. தண்ணி குடிக்க வந்தாக்கூட ‘அங்கயே நில்லுங்க, கொண்டாந்து தர்றேன்’னுவா. முந்தாநாள் வார்டுல மூச்சு வாங்கிக்கிட்டே சொல்றா, ‘அன்னைக்குக் கேட்டது இன்னும் வரலையே’ன்னு. சிரிச்சுக்கிட்டே சொல்றா. இருபத்தெட்டு வருஷம்மா. உன் ஆபீஸ்ல எந்தப் பார்சலாவது இவ்வளவு தாமதமாகியிருக்குமா?

— ஆகியிருக்காது மாமா. இன்னைக்குச் சேத்துடலாம். நான் பொறுப்பு. நாலு மணிக்கு அவங்க கையில இருக்கும்.

— உன் போன் அடிக்குது பாரு.

— உங்க பிள்ளைதான். ஹலோ, சொல்லுங்க. இங்க உங்கப்பா எலும்போட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காரு.

— அப்பா பக்கத்துல இருக்காரா?

— இருக்காரு. குடுக்கட்டுமா?

— வேணாம். நீ பால்கனிக்குப் போ. கதவைச் சாத்திக்கோ.

— சாத்திட்டேன். என்னங்க, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?

— அம்மா போயிட்டாங்கடி.

— காலையில நல்லாப் பேசினாங்கன்னு சொன்னீங்களே.

— பேசினாங்க. ‘உங்கப்பா எலும்பு வாங்கிட்டாரா’ன்னு கேட்டாங்க. வாங்கிட்டாரும்மா, ரெண்டு கிலோன்னேன். சிரிச்சாங்க. தலையணையைச் சரி பண்ணச் சொல்லி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாங்க. அவ்வளவுதான்.

— ஐயோ. மாமாகிட்ட நான் எப்படிங்க…

— நீ சொல்லாத. அவரு நெஞ்சு தாங்காது. இங்க கையெழுத்தெல்லாம் போட்டுட்டு மூணு மணிக்குள்ள வந்துடறேன். நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் அவரு சமைக்கட்டும்.

— நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?

— மூணு நாளா பன்னும் டீயும்தான். போனை வெச்சிடறேன்.

— என்னம்மா, என்ன சொன்னான்?

— ஒன்னுமில்ல மாமா. அத்தை தூங்குறாங்களாம்.

— அதைச் சொல்லவா கதவைச் சாத்திக்கிட்ட?

— அங்கதான் சிக்னல் கிடைக்குது. அத்தை காலையில கேட்டாங்களாம், நீங்க எலும்பு வாங்கிட்டீங்களான்னு.

— கேட்டாளா?

— கேட்டாங்களாம். ரெண்டு கிலோன்னதும் சிரிச்சாங்களாம்.

— சிரிப்பா, சிரிப்பா. குடிச்சுட்டுச் சிரிக்கட்டும். பிளாஸ்க்கைக் கழுவினியா? மூடியில ரப்பர் இருக்கான்னு பாரு, பஸ்ஸுல கொட்டினா எல்லாம் போச்சு. மணி என்ன?

— பன்னெண்டு பத்து.

— சரி, உன் பேச்சையும் ஒரு தடவை கேப்போம். தீயைக் கொஞ்சம் ஏத்திடறேன். ரெண்டரைக்கே இறக்கிட்டு முன்னாடி பஸ்ஸைப் பிடிச்சுடலாம். போயி வாசல்ல காத்துக்கிட்டு நின்னாலும் நிக்கலாம், என்ன?

— வேணாம் மாமா. மெதுவா வேகட்டும். என்ன அவசரம்.

— என்ன சொன்ன?

— அவசரமில்லைன்னேன். நிதானமாவே பண்ணுங்க.

— சரிம்மா. அந்த ஸ்டூலை இப்படித் தள்ளு.

— நெஞ்சு வலிக்குதா?

— கால்தான். நீ ஏன் பிளாஸ்க்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற? கீழ வை.

— கழுவச் சொன்னீங்களே.

— கழுவினது போதும். அவன் எத்தனை மணிக்கு வர்றானாம்?

— மூணு மணிக்குள்ள… இல்ல மாமா, அவரு எங்க வர்றாரு? நாமதானே போறோம்.

— ம். மூணு நாளா அங்க என்ன சாப்பிட்டான்?

— பன்னும் டீயும்.

— மேல் அலமாரியிலேருந்து அந்தப் பச்சை மூடி டப்பாவை எடு.

— அது உப்பு மாமா.

— தெரியும். எடு.

— மாமா, என்ன பண்றீங்க! ஒரு கையே அள்ளிப் போட்டுட்டீங்க! அத்தைக்குச் சிட்டிகை கூட ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?

— நான்தான் சொன்னேன்.

— அப்புறம் ஏன் மாமா…

— காலையிலேருந்து மணியப் பாருங்க, மணியப் பாருங்கன்னு என் உசுரை எடுத்தவ நீ. போன் பேசிட்டு வந்து என்ன அவசரம்னு கேக்குற. அழாதம்மா. கரண்டியை எடு, அடி பிடிக்காமக் கிண்டு. பசியோட வர்றவனுக்கு வாய்க்கு வெளங்கணும்ல.

— அவரு வந்து சொல்றேன்னாரு மாமா. நான் சொல்லக் கூடாதுன்னாரு.

— நீ எங்க சொன்ன? நீ ஒன்னும் சொல்லலை. அவன் வந்து சொல்லட்டும். அப்பக் கேட்டுக்கறேன்.

— அடுப்பை அணைச்சிடட்டுமா மாமா?

— இன்னும் வேகலைம்மா. மூணு மணிக்குத்தான் இறங்கும்.