முத்துவேல் போட்ட முடிச்சு

மணி ஒன்றே கால். சாலவாக்கம் தாண்டி ஏரிக்கரை மேல் போகிற சாலை. இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் பள்ளம். நடுவில் ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. கொட்டுகிற மழையில் ஒரு பைக் வந்தது... வந்ததை யாரும் பார்க்கவில்லை. மதகடியில் கிடந்ததைத்தான் காலையில் பார்த்தார்கள்.

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கொள்முதல் களத்தில் நெல்லுக்குக் காவல் கிடக்கிற ராத்திரியில், நெல்லுக்குக் காவல் கிடந்தவன் கதையைத்தான் சொல்ல வேண்டும். நானாகக் கட்டினது இல்லை. என் தம்பியின் சகலை சடையப்பன் தன் வாயாலேயே என்னிடம் சொன்னது.

சடையப்பனும் முத்துவேலும் ஒரே வரப்புக்காரர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகம். ஒரே நாளில் நாற்று விடுவார்கள், ஒரே மெஷினை வைத்து அறுப்பார்கள். ஆனால் முத்துவேலுக்கு மட்டும் வருஷா வருஷம் நாலு மூட்டை கூடவே காணும். உன் கை ராசிடா என்று சடையப்பன் முதுகில் தட்டுவான். வீட்டுக்கு வந்து, அவன் பயிரில் பூச்சி விழாதா என்று நினைத்துக்கொண்டே படுப்பான். பொறாமை தூரத்தில் இருக்கிறவன் மேல் வராது. கலெக்டர் காரில் போனால் எவனுக்கு வயிறு எரிகிறது? கூட உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டவன் புது பைக் வாங்கினால்தான் எரியும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். சிநேகிதன் கண்தான் ரொம்பக் கிட்ட இருக்கிற கண்.

அந்த வருஷம் சொர்ணவாரி அறுப்பு. இதே மாதிரி களம், இதே மாதிரி வரிசை. முத்துவேலுக்கு டோக்கன் நாற்பத்தொன்று, சடையப்பனுக்கு நாற்பத்திரண்டு. குவியல்கள் பக்கத்துப் பக்கத்தில். ஈரம் பார்க்கிற மெஷின் முத்துவேல் நெல்லுக்குப் பதினாறு காட்டியது. நாளைக்கே மூட்டை பிடிக்கலாம் என்றார்கள். சடையப்பனுடையது பத்தொன்பது. பதினேழைத் தாண்டினால் எடுக்க மாட்டார்களே... இன்னொரு வெயில் காட்டச் சொல்லிவிட்டார்கள். ஒரே ஏரித் தண்ணீர், ஒரே வெயில், இதில்கூட அவன்தான் முந்தி. சடையப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு முத்துவேல் வீட்டுக்குச் சாப்பிடப் போனான். நம் களத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். போகிறவன் தன் தார்ப்பாய்க் கயிற்றின் நுனியைப் பக்கத்துக் குவியல்காரன் கையில் கொடுப்பான். வாங்கிக்கொண்டால், அவன் திரும்பி வருகிற வரைக்கும் அந்த நெல் இவன் பொறுப்பு. சடையப்பன் வாங்கிக்கொண்டான்.

பன்னிரண்டரைக்குக் காற்று மாறியது. மண் வாசனை வந்தது. பிறகு பொட்... பொட்... என்று நாலு சொட்டு. சடையப்பன் தார்ப்பாயில் மூன்று ஓட்டை. முத்துவேலுடையது அந்த வாரம்தான் உத்திரமேரூரில் மஹபூப் பாஷா கடையில் வாங்கிய நீலத் தார்ப்பாய், கனமானது. கயிறு கையில் இருந்தது. இழுத்தான். பாதி வந்து நின்றுவிட்டது. முத்துவேல் பீச்சாங்கைக்காரன். எல்லா முடிச்சையும் தலைகீழாகப் போடுவான். மற்றவன் பிரிக்கப் போனால் இன்னும் இறுகும். சடையப்பன் அரிவாளை எடுத்தான். நாலு மூலையிலும் அறுத்தான். சர்ர்ரென்று உருவித் தன் குவியல் மேல் போட்டுக்கொண்டான். மழை பிடித்துக்கொண்டது. திறந்து கிடந்த நெல் மேல் அது விழுகிற சத்தம், கொதிக்கிற எண்ணெயில் ஈரம் பட்ட மாதிரி இருந்ததாம்.

போன் அடித்தது. முத்துவேல்.

"மச்சான், அங்க மழ புடிச்சிக்கிச்சா?"

"லேசா தூறுது. உன்னுது ஒயுங்கா மூடிக்கீது. நீ தூங்கு."

"என்னுது கெடக்குது வுடு. உன் தார்ப்பா ஓட்டையாச்சேடா. வூட்ல பழசு ஒன்னு கீது. எடுத்துகினு வர்றன்."

"வாணாம் மச்சான். வராத."

"நீ இப்டிதான் சொல்லுவ," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

அவன் வந்து சேரக் கால் மணி ஆகும். தார்ப்பாயைத் திருப்பிப் போடக் கால் மணி போதும். சடையப்பன் எழுந்திருக்கவில்லை. இந்த மழையில் எங்கே வரப்போகிறான் என்று நினைத்தான். ஒரு போகம் போனால் செத்தா போய்விடுவான் என்றும் நினைத்தான். அந்த வார்த்தையை என்னிடம் சொல்லும்போது அவன் பல் கிட்டியது. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

பைக்கின் பின்னால் கட்டி வந்த பழைய தார்ப்பாய் அவிழ்ந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டதாம். சாம்பல் நிறம், நடுவில் யூரியா சாக்கு வைத்துத் தைத்த ஒட்டு. மதகடியில் முத்துவேல் அதிலேயே சுருண்டு கிடந்தான்.

மறுநாள் நல்ல வெயில். மூன்று மணிக்கு முத்துவேலைத் தூக்கினார்கள். அதே மூன்று மணிக்குச் சடையப்பன் நெல் பதினேழு காட்டியது. நாற்பத்தொன்று நனைந்து போச்சு, நாற்பத்திரண்டு வா என்றார்கள். அவன் மூட்டை பிடிக்க நின்றுவிட்டான். பறை சத்தம் களம் வரைக்கும் கேட்டதாம். முத்துவேல் தார்ப்பாயைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று எல்லோரிடமும் சொன்னான். முளைத்துப் போன நெல்லை முத்துவேல் பெண்டாட்டி ஜெயப்பிரியா மாட்டுக்குப் போட்டாள்.

அடுத்த வருஷம் அதே களம். மழை இல்லை, நிலா வெளிச்சம். சடையப்பன் குவியலுக்குக் கீழே படுத்திருந்தான். ஒன்றே கால் மணிக்கு ஏரிக்கரைப் பக்கம் ஒரு பைக் சத்தம். டுப்... டுப்... டுப்... களத்து ஓரத்தில் வந்து நின்றது. அப்புறம் எதையோ இழுக்கிற சத்தம். சரக்... சரக்... கயிறு இறுகுகிற சத்தம். யூரியா வாடை, பெட்ரோல் வாடை. எழுந்து பார்த்தால் ஆள் இல்லை. அவன் குவியல் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு தார்ப்பாய் கிடந்தது. நடுவில் ஒட்டு. நாலு மூலையிலும் தலைகீழ் முடிச்சு. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அரிவாளால் அறுத்து ஏரியில் வீசினான். அடுத்த ராத்திரி திரும்பவும் வந்தது. மூன்றாம் ராத்திரியும் வந்தது. நாலாம் நாள் கையை விட்டுப் பார்த்தால் நெல் வெள்ளையாக முளை விட்டிருந்தது. என்ன கொடுமை என்றால், கோபமாக வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். செத்தும் முத்துவேல், சிநேகிதன் நெல்லை மூடத்தான் வருகிறான்.

சடையப்பன் நிலத்தை விட்டுவிட்டான். இப்போது ஒரகடத்தில் ஏதோ கம்பெனியில் செக்யூரிட்டி. மார்கழிப் பனியிலும் போர்வை போர்த்த மாட்டான். போர்த்தினால் விடிவதற்குள் சொட்டச் சொட்ட நனைந்துவிடுகிறதாம்.

இதை ஏன் இன்றைக்குச் சொல்கிறேன் என்றால்...

என் பக்கத்துக் குவியல் தாமோதரன் இன்றைக்கு ஒன்பது மணிக்குச் சாப்பிடப் போனான். அவன் நெல் பதினைந்து காட்டியது, உங்களுக்கே தெரியும். என்னுடையது பதினெட்டு. அவன் வயலுக்குப் பாய்ந்துதான் என் வயலுக்குத் தண்ணீர் வருகிறது. எனக்கும் எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். கயிற்றை என் கையில்தான் கொடுத்தான். பத்து மணிக்கு நீங்கள் எல்லாம் டீ குடிக்கப் போனீர்கள். மேற்கே மின்னியது. அவன் தார்ப்பாயை உருவி என் குவியல் மேல் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால், மனசு கேட்காமல், திருப்பிப் போடலாம் என்று போனேன். இன்றைக்கு ஒரு பொட்டு மழை இல்லை. நீங்களும் இங்கேதான் இருந்தீர்கள். தாமோதரன் தார்ப்பாய்க்கு மேலே இன்னொன்று கிடக்கிறது. தண்ணீர் சொட்டுகிறது. இந்தக் கையைத் தொட்டுப் பாருங்கள். முடிச்சைப் பிரிக்கப் பார்த்தேன், இறுகுகிறது.

அதை அப்புறம் பார்க்கலாம். தாமோதரனுக்குத்தான் போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை. கடைசியாக அவன் பேசினது பன்னிரண்டே முக்காலுக்கு. மழை வர மாதிரி கீது மச்சான், உன்னுது ஓட்டையாச்சே, வூட்லேர்ந்து ஒன்னு எடுத்துகினு வர்றன் என்றான்.

யாராவது ஏரிக்கரைக்கு ஒரு வண்டியை எடுங்கள். மணி என்ன ஆகிறது, பாருங்களேன்...

ஒன்று பத்தா?